பொரித் தகரத்துக்குள் போன குழாய்

மணியம்மாள் ரயிலில் உட்கார்ந்து வந்ததை ஆரம்பாக்கத்து ஜனங்கள் யாரும் பார்த்ததில்லை. பெட்டி காலியாகக் கிடந்தாலும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே ஒரு கால் படிக்கு வந்துவிடும்.

"உக்காந்தா இன்னா அண்ணி, பலகை கடிச்சிடுமா?" என்று கேட்பான் கொழுந்தன் கலியன்.

"உக்காந்தா வண்டி மெதுவா போற மாதிரியே கீதுடா."

கலியன் கும்மிடிப்பூண்டியில் இறங்கிவிடுவான். அவனோடு கம்பி ஆலைக்காரர்கள் பெட்டிக்குப் பத்துப் பேராவது இறங்குவார்கள். உலையிலிருந்து செக்கச் சிவந்து பாம்பு மாதிரி பாய்ந்து வரும் இரும்புக் கம்பியை இடுக்கியால் கவ்வி, ஒரு திருப்புத் திருப்பி, அடுத்த உருளைக்குள் விடுகிற வேலை அவனுக்கு. மணியம்மாள் அதே வண்டியில் பட்டணம் வரைக்கும் போவாள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா.

அவள் பிறந்தது பெரியபாளையத்தில். அப்பாவுக்குப் பொரி வறுக்கும் தொழில். ஆடி மாதம் வந்துவிட்டால் அம்மன் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிற கூட்டத்துக்குப் பொரி கட்டிக் கொடுத்தே அவள் கையெல்லாம் காய்த்துப் போகும். பத்து வயதில் ஒரு கையால் படியில் அளந்து, மறு கையால் பொட்டலம் மடித்து, வாயால் அடுத்த ஆளைக் கூப்பிடுவாள். அப்படி வளர்ந்தவளை 1959இல் ஆரம்பாக்கத்தில் ஒன்றே முக்கால் ஏக்கர் நெல் நிலமுள்ள துளசிராமனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நாற்று நட்டுவிட்டுக் கதிர் வரும்வரை காத்திருக்கிற ஊர் அது. காத்திருப்பதுதான் அவளுக்குத் தெரியாது.

எட்டு வருஷம் கழித்து மாமியாருக்குக் கால் முறிந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருபது நாள் துணைக்கு இருந்தாள். மூன்றாம் நாளே வார்டு முழுக்க அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பத்தாம் நாள் படுக்கை விரிப்பு மாற்றினாள். இருபதாம் நாள் தலைமை நர்ஸ் கூப்பிட்டு, "வேலைக்கு வர்றியா?" என்று கேட்டார்.

துளசிராமன் தலையைச் சொறிந்தான். "ஊர்ல நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"நாலு பேர்ல ரெண்டு பேரு, ஓபி சீட்டு வாங்கித் தாம்மான்னு நம்ம ஊட்டு வாசல்ல வந்து நிப்பாங்க, பாரு."

மூன்று மாதத்தில் அப்படியேதான் நடந்தது.

1974இல் அந்த ஆஸ்பத்திரிக்கு ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதற்குள் பட்டு மெத்தையில் சுருண்டு கிடந்தது ஒரு கறுப்புக் குழாய், சுண்டுவிரலைவிடச் சற்றுத் தடிமன். ஒரு நுனியில் விளக்கு, மறு நுனியில் கண்ணை வைத்துப் பார்க்கிற தலை. வயிற்றுக்குள் விட்டால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும் என்றார்கள்.

அதற்கு முன்னால் இருந்தது விறைப்பான இரும்புக் குழாய். கழுத்தை அண்ணாத்தி, வாள் விழுங்குகிறவனைப் போல நோயாளி அதை வாங்கிக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் அதைப் பார்த்ததுமே எழுந்து ஓடிவிடுவார்கள். புதுக் குழாய் வளையும், நெளியும். உள்ளே முடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகள் ஆயிரக்கணக்கில் கட்டாக ஓடுகின்றன. ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு புள்ளி வெளிச்சத்தைக் கொண்டுவரும். எல்லாப் புள்ளியும் சேர்ந்தால் படம். ஓர் இழை முறிந்தால் அந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். பிறகு அது போகவே போகாது.

குழாய்க்குப் பொறுப்பு டாக்டர் ஸம்பத்குமார். திருவள்ளூர்க்காரர், தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் கோயில் கைங்கர்யம் செய்த குடும்பத்தில் முதலில் டாக்டருக்குப் படித்தவர். குழாயைக் கழுவுகிற வேலைக்கு ஆள் தேடியபோது, கை படபடவென்று ஓடினாலும் எதையும் கீழே போடாதவள் ஒருத்தி இருக்கிறாள் என்று வார்டு நர்ஸ் மேரி சிஸ்டர் சொல்ல, மணியம்மாளைக் கூப்பிட்டார்.

"இதோ பார் மணியம்மா. இந்த வெள்ளைக் கோடு தெரியறதா? இதுவரைக்கும் மருந்துத் தண்ணியிலே முக்கலாம். கோட்டுக்கு மேலே, இந்தத் தலையை ஈரத்துணியாலே துடைக்கணும், அவ்வளவுதான். உள்ளே தண்ணி போச்சுன்னா குழாய் செத்துப் போச்சுன்னு அர்த்தம்."

முதல் வாரமே அவளையும் ஒருமுறை பார்க்கவிட்டார். யாரோ ஒருவருடைய வயிறு. ஈரமாக, இளஞ்சிவப்பாக, மடிப்பு மடிப்பாக, மெல்ல அசைந்தது. உற்றுப் பார்த்தால் எல்லாமே புள்ளி. ஆடி ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஏறிக் கோயில் கூட்டத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. தலை தலையாகத்தான் தெரியும்; ஆனால் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பிடிபட்டுவிடும்.

அதற்குப் பிறகு அந்த அறை அவளுடைய அறையாகிவிட்டது. நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்வாள், பல்லுக்கு நடுவே கடிகட்டை வைப்பாள், குழாய் உள்ளே போய் முடிகிறவரை பேச்சு நிற்காது. அந்தப் பேச்சில் பாதிப் பேர் குழாயை மறந்து விழுங்கிவிடுவார்கள். இரண்டு வருஷத்தில் படத்தில் பதினோரு கறுப்புப் புள்ளிகள்தான் விழுந்திருந்தன.

1976 ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டிருந்தது.

கலியனுக்கு ஆறு மாதமாகவே வயிற்றில் எரிச்சல். சோறு இறங்கினால் வலி, இறங்காவிட்டாலும் வலி. ஆலையில் யாரிடமும் சொல்லாமல் சோடா உப்பைத் தின்றே ஓட்டினான். இடுப்பு வேட்டி நழுவுகிற அளவுக்கு இளைத்த பிறகு மணியம்மாள் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள். சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒன்றைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றின் ஓரத்தில் ஒரு பள்ளம், நிழலாகத் தெரிந்தது. புண்ணா, புற்றா என்று நிழல் சொல்லவில்லை.

சர்ஜனுக்குச் சந்தேகமே கிடையாது. திறந்து பார்த்துவிட வேண்டியது, வெள்ளிக்கிழமை. "முதல்லே குழாயாலே பார்த்துடறேன், புதன்கிழமை" என்றார் ஸம்பத்குமார். சர்ஜன் தோளைக் குலுக்கினார். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் கலியன் பெயர் ஏறியது.

"வயித்த அறுத்துத் தச்சவன எந்த மேஸ்திரி அண்ணி உலைகிட்ட நிக்க உடுவான்?" என்றான் கலியன். "இடுக்கி ஒண்ணே பதினஞ்சு கிலோ. தையல் பிச்சிக்கினு கொடலு வெளிய வந்தா, அதயும் சேத்து உருட்டிடுவானுங்க."

"வாயக் கழுவு. யாரும் அறுக்க மாட்டாங்க. நம்ம குழாயி பாத்துடும். நான் சொல்றேன்."

நான் சொல்றேன் என்று அவள் சொன்னது திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்த நோயாளி, குழாயை வெளியே எடுக்கும்போது டாக்டர் கைமேலேயே வாந்தி எடுத்துவிட்டார். கண் வைக்கிற தலை வரைக்கும் தெறித்தது. மணியம்மாள் வழக்கம்போலக் கோடு வரைக்கும் முக்கினாள். தலையைத் துணியால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். திருகுக்கும் வளையத்துக்கும் நடுவே ஏதோ இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது போலவே பட்டது.

அடுத்து இந்தக் குழாயை விழுங்கப் போகிறவன் கலியன்.

வெளியாளுக்குத் தண்ணீர் கொடுத்த லோட்டாவை ஊற்றி அலம்பி வைத்துவிடுவோம். வீட்டு மனுஷன் சாப்பிடப்போகிற தட்டானால் சாம்பல் போட்டு அடியும் முதுகும் தேய்த்தால்தான் மனது ஆறும். அவளுடைய கைக்கு அதுதான் பழக்கம். தலையைக் கவிழ்த்து மருந்துத் தண்ணீரில் ஒரே முக்கு முக்கினாள். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டாள். உதறினாள், துடைத்தாள், கொக்கியில் தொங்கவிட்டாள். பளபளவென்று இருந்தது.

மத்தியானம் டாக்டர் அதை எடுத்துக் கண்ணில் வைத்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார். மேரி சிஸ்டரின் தொப்பியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலையே. மூட்டமா இருக்கு."

மணியம்மாளும் பார்த்தாள். மார்கழி விடியலில் ரயில் ஜன்னல் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பதினோரு புள்ளிகள்கூடத் தெரியவில்லை.

டாக்டர் ஜப்பான் பெட்டியைத் திறந்து, மூலையில் இருந்த ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். உள்ளே மணிமணியாக ஏதோ. "வந்தப்போ இது நீலமா இருந்தது. காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கறதுக்காக வெச்சது. இப்போ பாரு, ரோஸாயிடுத்து. இதுக்குமேலே இழுக்காது. இந்த மழை பண்ணின வேலை. உள்ளே ஈரம் கட்டிண்டுடுத்து."

மழை பண்ணின வேலை. டாக்டரே சொல்லிவிட்டார்.

"பம்பாய் ஏஜெண்டுக்கு அனுப்பணும். அவன் ஜப்பானுக்கு அனுப்புவான். எட்டு மாசம் ஆகும்."

வெயிலில் வைக்கலாமா என்றார் மேரி சிஸ்டர். வெயில் எங்கே இருக்கிறது? அடுப்புச் சூட்டில் காட்டினால் இழைகளை ஒட்டிய பசை இளகிவிடும் என்றார் டாக்டர்.

சர்ஜனுக்குச் செய்தி போனது. மாலை வார்டுக்கு வந்தவர், "புதன்கிழமை வேலை இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

கலியன் அண்ணியைத் தேடி வராந்தாவுக்கே வந்துவிட்டான். "இன்னா அண்ணி? உன் பாம்புக்குக் கண்ணு அவிஞ்சி போச்சாமே?"

"மழைடா. ஈரம்."

"மழை நேத்தும்தானே பேஞ்சுது?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். காலி வாளி.

அன்று ரயிலில் அவளால் வாசலில்கூட நிற்க முடியவில்லை. இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்குமாக நடந்தாள். "யம்மா, ஒரு பக்கமா நில்லு, காலெல்லாம் மெரிக்கிற" என்று கத்தினாள் கீரைக்கூடைக்காரி. பொன்னேரியில் ஒரு தடவை, கவரப்பேட்டையில் ஒரு தடவை, இறங்கி மறு வண்டி பிடித்துத் திரும்பிப் போய் டாக்டரிடம் சொல்லிவிடலாமா என்று படியில் கால் வைத்தாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கலியன் வயிறு போகும். சொன்னாலும் வயிறு போகும், குழாய்தான் செத்துவிட்டதே. அப்புறம் எதற்குச் சொல்வது? வண்டி நகர்ந்தது. காலை இழுத்துக்கொண்டாள்.

வீட்டில் துளசிராமன் பொரி தின்றுகொண்டிருந்தான். போன வாரம் அவளுடைய தம்பி சின்னதுரை பெரியபாளையத்திலிருந்து கொடுத்தனுப்பியது.

"டப்பாவத் தொறந்து போட்டுட்டுப் போயிட்ட. பாரு, துணிய மெல்ற மாதிரி கீது. இந்த மழைல ஊர்ல இருக்குற ஈரத்தையெல்லாம் இதுவே குடிச்சிருக்குது."

மணியம்மாள் நின்ற இடத்தில் நின்றாள். பிறகு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். சத்தமே இல்லை. நன்றாக நமத்திருந்தது.

"ஈரத்தைக் குடிச்சுது" என்றாள்.

"ஆமா, அதத்தானே சொல்லிக்கினு கீறேன்."

அவள் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நாலு நடை நடந்துவிட்டு அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கோடு, முக்கு, மூட்டம், ரோஸ் மணி. துளசிராமன் கேட்டுக்கொண்டே இருந்தான். கையிலிருந்த பொரியைத் திரும்ப டப்பாவில் போட்டான்.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"கூடப் பொறந்தவன்மே எனக்கு" என்றான். அவள் நாலு வசவு எதிர்பார்த்தாள். இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் பெரியபாளையம். சின்னதுரை அப்போதுதான் அடுப்பு மூட்டி, வாணலியில் மணல் சூடேற்றிக்கொண்டிருந்தான்.

"வா அக்கா. இன்னா இந்நேரத்துல? நைனா கனவுல வந்தாரா?"

"ரெண்டு பெரிய தகரம் பொரி வேணும். இப்பவே. மொறுமொறுன்னு."

"ரெண்டு தகரமா? ஆஸ்பத்திரில யாருக்குச் சீமந்தம்?"

"ஒரு குழாயிக்கு. வறுடா."

வறுத்துச் சலித்ததை அவள் அவசரமாகத் தகரத்தில் கொட்டி மூடப்போனாள். சின்னதுரை கையைத் தட்டிவிட்டான். "பட்டணம் போயி பொரி வம்சத்தையே மறந்துட்ட. சூட்டோட மூடினா உள்ள வேர்த்துப் போவும், ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள நமத்துரும். அடுப்போரம் ஆற உடு."

ஆறுகிறவரை அவள் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மூடி இடுக்கில் மாவு பிசைந்து பூசிக்கொடுத்தான் தம்பி. மழையில், பஸ் கூட்டத்தில், இரண்டு தகரங்களையும் இரண்டு பக்கம் வைத்துக்கொண்டு கண்டக்டரோடு ஒரு சண்டை, பக்கத்துப் பயணியோடு ஒரு சண்டை. ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி பதினொன்று.

டாக்டர் குழாயைப் பெட்டியில் வைத்து, பம்பாய்க்கு அனுப்பக் கயிறு தேடிக்கொண்டிருந்தார்.

"கட்டாதீங்க சார். தப்பு நான்தான் பண்ணேன்."

சொல்லி முடிக்கிறவரை அவர் நிமிரவில்லை. முடித்த பிறகு கயிற்றைக் கீழே வைத்தார்.

"முதல் நாளே என்ன சொன்னேன்?"

"கோட்டுக்கு மேல முக்கக் கூடாதுன்னீங்க."

"ரெண்டு வருஷமா பண்ணாத தப்பு! நான் பாட்டுக்கு மழையைச் சொல்லிண்டிருக்கேன், நீயும் கேட்டுண்டு நின்னே. நேத்திக்கே சொல்லியிருந்தா தலையைக் கழட்டி அப்பவே வடிச்சிருக்கலாம்." குரல் வராந்தா வரைக்கும் போனது. "உன் கொழுந்தனா இல்லாம வேற யாராவதா இருந்தா இப்பவாவது வந்து சொல்லியிருப்பியா?"

மணியம்மாள் யோசித்தாள். "வேற யாராவதா இருந்தா முக்கியே இருக்க மாட்டேன் சார்."

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வாசலில் மேரி சிஸ்டர் எதையோ தேடுவதுபோல அலமாரியைத் திறந்து மூடினார்.

"தகரத்துல என்ன?" என்றார் டாக்டர் கடைசியில்.

"பொரி சார். உங்க நீல மணி இன்னா பண்ணுமோ அதத்தான் இதுவும் பண்ணும். ஈரத்தக் குடிக்கும். குடிச்சி முடிச்சதும் நமத்துரும், மாத்திடலாம். மொறுமொறுன்னே இருந்துச்சின்னா உள்ள ஈரம் இல்லன்னு அர்த்தம்."

அவர் சிரித்துவிடுவார் என்றுதான் நினைத்தாள். சிரிக்கவில்லை. "எங்காத்துல உப்பு ஜாடியிலே ஒரு பிடி அரிசி போட்டு வெப்பா, உப்பு கசியாம இருக்கறதுக்கு" என்றார் மெதுவாக. பிறகு சட்டென்று, "பொடி உள்ளே போயிடாதா?"

"துணில சுத்திடலாம். நாலு மடிப்பு."

டாக்டர் கண் வைக்கிற வளையத்தை ஒரு சுற்றுத் தளர்த்தினார், ஈரம் வெளியே வர வழி வேண்டுமே. மேரி சிஸ்டர் சுத்தமான கட்டுத்துணியால் தலையைச் சுற்றினார். மணியம்மாள் குழாயை, கிணற்றுக் கயிற்றைச் சுருட்டுகிற மாதிரி முறுக்கில்லாமல் பெரிய வட்டமாகச் சுருட்டித் தகரத்தில் வைத்து, மேலே பொரியைக் கொட்டினாள். மூடிச் சந்தில் பிளாஸ்திரி ஒட்டினார்கள்.

"சர்ஜன் கேட்டா என்ன சொல்றது?" என்றார் மேரி சிஸ்டர்.

"பூஜை பண்றோம்னு சொல்லுங்கோ."

அடுத்த இரண்டு நாள் மணியம்மாளை அந்த அறைப் பக்கம் தள்ளி வைப்பதுதான் மேரி சிஸ்டருக்கு வேலை. "தொறந்து தொறந்து பாத்தா வெளி ஈரம்தான் உள்ள போவும், போ." போவாள். ஒரு படுக்கை விரிப்பை மாற்றிவிட்டுத் திரும்பி வருவாள். மழை தகரக் கூரையில் இரைகிறபோதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வந்தது. கலியனிடம் போனால் கேள்வி கேட்பான் என்று அவன் கட்டில் பக்கம் போகவில்லை; அவனே தேடிக்கொண்டு வந்தான்.

"அண்ணி, உன் குழாயிக்குப் பொரி போட்டு வளக்குறியாமே? வார்டே சிரிக்குது."

"சிரிக்கட்டும்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கலியா, அது மழை இல்ல. நான்தான் கெடுத்தேன். உனக்குன்னு நல்லா கழுவறேன்னு தண்ணில முக்கிட்டேன்."

அவன் வயிற்றைத் தடவிக்கொண்டான். "எனக்குன்னா?" என்றான். "ஊர்ல ஒருத்தனுக்கு இந்த மரியாத கெடைக்குமா? போ, போயி இன்னும் ரெண்டு பிடி போடு."

புதன் ராத்திரிக்குள் முதல் பொரி நமத்தது. வியாழன் காலை மாற்றினார்கள். மத்தியானம் டாக்டர் எடுத்துப் பார்த்தார்: மூட்டம் ஓரத்திலிருந்து சுருங்கி நடுவில் ஒரு ரூபாய்க் காசளவு நின்றது. ஓரத்தில் நாலு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அந்தப் புள்ளிகளைப் பார்த்து அவள் அவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று அவளே நினைத்ததில்லை. இரண்டாம் தகரத்தில் மிச்சமிருந்ததைப் போட்டு மறுபடி மூடினார்கள். மாற்றுவதற்கு இனிப் பொரி இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் காலை ஏழரைக்கே வந்துவிட்டாள். எட்டு மணிக்கு டாக்டர் முன்னால் பிளாஸ்திரியைப் பிரித்தாள். துணியை ஒட்டிக்கிடந்த பொரியில் நாலைந்தை எடுத்து வாயில் போட்டாள். டாக்டரும் மேரி சிஸ்டரும் அவள் தாடையையே பார்த்தார்கள்.

மொறுக்கென்றது. அறை முழுக்கக் கேட்டது.

டாக்டர் குழாயை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். கீழ் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மூட்டம் இருந்தது. மற்றபடி வேப்பமரம், மழை, மரத்தடியில் குடை பிடித்து நிற்கிற ஆள். பதினோரு புள்ளிகளும் இருந்தன.

கலியன் அறுவைக்காக ராத்திரியிலிருந்து பட்டினி. வயிறு காலியாகத்தான் இருந்தது. மயிரை மழித்து, மஞ்சள் மருந்து தடவி, தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். வண்டி ஆபரேஷன் அறைப் பக்கம் திரும்பும் இடத்தில் ஸம்பத்குமார் குறுக்கே நின்று, சர்ஜனிடம் அரை மணி கேட்டார்.

"அந்தப் பொரிக் குழாயா?" என்றார் சர்ஜன். கடிகாரத்தைப் பார்த்தார். "இருபது நிமிஷம். நானும் வர்றேன்."

தொண்டைக்கு மரத்துப் போகிற மருந்தை அடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். கடிகட்டையை வாயில் வைக்கும்போது கலியன் கட்டிலின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"செவசெவன்னு நெருப்புக் கம்பியப் புடிக்கிறவன், இந்தக் கறுப்புக் கம்பிக்கா பயப்படுற? இது சுடாது. முழுங்கு. நம்ம ஊட்டு நெல்லுச் சோறுன்னு நெனச்சிக்கோ. தோ, போச்சு. இன்னோரு வாய். உங்க அண்ணன் போன வருஷம் மாடு தேடிக்கினு போயி ஆந்திரா பார்டர் தாண்டி அடுத்தவன் மாட்ட ஓட்டிக்கினு வந்துச்சே, நெனவு கீதா? சிரிக்காதடா, குழாயி ஆடுது..."

குழாய் இறங்கிவிட்டது. அவள் பேச்சை நிறுத்தவில்லை; கண் மட்டும் டாக்டர் முகத்தில் இருந்தது. அவர் முகத்தில் எதுவும் இல்லை. திருகைத் திருப்பினார். நிறுத்தினார். வெகு நேரம் ஒரே இடத்தைப் பார்த்தார். பிறகு நகர்ந்து, "நீங்க பாருங்கோ" என்று சர்ஜனுக்கு இடம் விட்டார்.

சர்ஜன் குனிந்தார். மாட்டுக் கதை முடிந்துவிட்டது. அவள் அதையே மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"ஓரம் சுத்தமா இருக்கே" என்றார் சர்ஜன், கண்ணை எடுக்காமலே. "வட்டமா, வழவழன்னு. புண்ணுதான்."

"எனக்கும் அப்படித்தான் படறது. ஆனா கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நாலு இடத்துல கிள்ளி எடுத்துடறேன்."

குழாய்க்குள்ளேயே ஒரு மெல்லிய கம்பி போய், குறுநொய் அளவுக்கு நாலு துண்டுகளைக் கிள்ளிக்கொண்டு வந்தது. சர்ஜன் நிமிர்ந்து, வாசலில் நின்ற ஆளிடம் சொன்னார்: "பட்டியல்ல அடுத்த ஆளைக் கூப்பிடு."

பத்து நாள் கழித்து அந்த நாலு துண்டுகளும் அதையேதான் சொல்லப் போகின்றன: புற்று இல்லை. மாத்திரையிலும் பத்தியத்திலும் தை பிறப்பதற்குள் கலியன் மறுபடி இடுக்கி பிடிக்கப் போகிறான். குழாயும் இன்னும் மூன்று வருஷம் உழைக்கப் போகிறது. கீழ் ஓரத்து மூட்டம் மட்டும் கடைசிவரை போகாது. புதிதாக வருகிற டாக்டர்கள் அது என்னவென்று கேட்டால், "அது மணியம்மா" என்பார் ஸம்பத்குமார்.

அன்றைக்கு அவர் குழாயை அவள் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். அவள் கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோனாள். கோட்டுக்கு மேலே ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. மேரி சிஸ்டர் வேலை. நூல் நனையாமல் முக்கினாள். தலையைத் துடைத்தாள். வெளியே அடுத்து காத்திருந்தது திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்த முன்பின் தெரியாத ஒரு கிழவர். திருகின் இடுக்குகளைத் துணி நுனியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கலியனுக்குத் துடைத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.

வராந்தா பெஞ்சிலிருந்து கலியன் குரல் கொழகொழவென்று வந்தது. தொண்டை இன்னும் மரத்திருந்தது.

"அண்ணி, பசிக்குது. அந்தத் தகரத்துல மிச்சம் கீதா?"

"ஒரு மணி நேரம் எதுவும் தொடக்கூடாது. தொண்ட மரத்துக் கீது, பொற ஏறிடும்."

"ஒரு மணி நேரம் எப்ப ஆவும்?"

"ஆவும்போது ஆவும். உக்காரு."

"நீ உக்காருவியா?"

மணியம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். உடனே எழுந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் போனாள்.